எந்த நன்னன்?

பிளேஸ்மென்ட் ஃபார்ம் நிரப்பும்போது ஒரு இடத்துல நீங்களும் நின்னிருப்பீங்க. ‘லாஸ்ட் நேம்’, பக்கத்துல சிவப்பு நட்சத்திரம். காலியா விட்டா அடுத்த பக்கம் திறக்காது. என் பேருக்கு முன்னால ஒரே ஒரு எழுத்துதான், அது அப்பாவோடது. தாத்தாவோட எழுத்து அப்பாவோட முடிஞ்சு போச்சு.

ஹாஸ்டல் நண்பன் எட்டிப் பார்த்துச் சொன்னான்: “நீ புதூர்நாட்டுக்காரன்தானே? உங்க மலைக்குக் கீழ செங்கம். அங்க ஆண்டவன் நன்னன். ‘நன்னன்’னு போட்டுக்கோ மச்சான், ஆண்ட பரம்பரை!”

சிரிச்சேன். ஆனா ராத்திரி உட்கார்ந்து தேடினேன்.

எங்க ஜவ்வாது மலையில பெரியவங்க சொல்ற கதைப்படி நாங்க காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து ஏறி வந்தவங்க. அதுல நன்னன் வரவே மாட்டான். சரி, அவன் யாரு? ஸ்கூல்ல மார்க்குக்காகப் படிச்சு மறந்த மலைபடுகடாம், செங்கண்மாவை ஆண்ட ‘நன்னன் சேய் நன்னன்’ மேல பெருங்கௌசிகனார் பாடிய 583 அடி. அப்பாவும் நன்னன், மகனும் நன்னன். அவனைத் தேடிப் போற கூத்தர்களுக்கு மலையில எங்க வழுக்கும், எந்த ஊர்ல சோறு கிடைக்கும்னு ரூட் சொல்ற பாட்டு அது.

இன்னொரு நன்னன் இருக்கான். ஆத்துல மிதந்து வந்த அவனோட மாங்காயை ஒரு பொண்ணு எடுத்துத் தின்னுட்டா. 81 யானையும், அவள் எடைக்குத் தங்கத்துல ஒரு பாவையும் தர்றோம்னு வீட்டார் கெஞ்சினாங்க. கேட்கல, கொன்னுட்டான். பரணர் இதைக் குறுந்தொகை 292-ல சொல்றார்.

அந்தப் பழி வம்சத்தையும் விடல. புறநானூறு 151-ல பெருந்தலைச் சாத்தனார் இரண்டு பேரைச் சந்திக்கிறார். இளங்கண்டீரக்கோவைக் கட்டிப்பிடிக்கிறார், பக்கத்துல நின்ன இளவிச்சிக்கோவைத் தொடவே இல்லை. ஏன்னா அவன் நன்னன் வழிவந்தவன், பாட வர்றவங்களுக்குக் கதவடைச்ச குடும்பம். பாவம், அந்த இளவிச்சிக்கோ அந்த இடத்துல எப்படி நின்னிருப்பான்னுதான் எனக்கு யோசனை.

பாடப்பட்டவனுக்கும் பழிக்கப்பட்டவனுக்கும் ஒரே பேர். இரண்டு பேரும் ஒரே குடும்பமான்னு பேரை மட்டும் வச்சுச் சொல்ல முடியுமா?

இங்கிலாந்துக்காரங்களுக்கு இந்தக் குழப்பமே இருக்காதுன்னு நினைச்சேன். குடும்பப் பேர் உண்டு. 1538-லிருந்து ஒவ்வொரு சர்ச்சிலும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம்னு பதிவேடு உண்டு. அதுக்கு உத்தரவு போட்டவர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல். நூறு வருஷம் கழிச்சு, 1649-ல, மன்னனோட தலையை வெட்ட வச்சவங்கள்ல முக்கியமானவர் ஆலிவர் கிராம்வெல். ஒரே பேர், அப்போ நேர் வாரிசுதானே? இல்லை. தாமஸோட அக்கா தங்கச்சிகள்ல ஒருத்தியான கேத்தரின், மோர்கன் வில்லியம்ஸ்னு ஒருத்தரைக் கட்டினாங்க. அவங்க மகன் ரிச்சர்ட் தாய்மாமன் பேரை எடுத்துக்கிட்டார். அந்த ரிச்சர்டோட கொள்ளுப்பேரன்தான் ஆலிவர். அப்பா வழியில பார்த்தா அவர் ஆலிவர் வில்லியம்ஸ்! பதிவேட்டுக்கு உத்தரவு போட்டவர் பேரே இப்படித்தான் கைமாறியிருக்கு.

நம்ம பக்கம் டிவியில தமிழ் சொல்லிக்கொடுத்த மா. நன்னனும் (1922–2017) பிறக்கும்போது திருஞானசம்பந்தன்தான். நன்னன் அவரா வச்சுக்கிட்ட பேர்.

அதனால ‘ஆண்ட பரம்பரை’ ஸ்டேட்டஸ் போடுற மக்களே, உங்ககிட்ட ஒரே கேள்வி: எந்த நன்னன்? பாட்டு வேணும்னா அந்தப் பொண்ணோட கணக்கும் சேர்ந்துதான் வரும். எம்.எஸ். அப்ளிகேஷனுக்காகச் சாதிப் பேரை லாஸ்ட் நேம்ல போடுறவங்க மேல எனக்கு இன்னும் கோபம். 1929-ல செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுல கழற்றி வைக்கச் சொன்னதை, ஒரு சிவப்பு நட்சத்திரத்துக்காக மறுபடி மாட்டிக்கணுமா?

நான் அப்பா பேரைப் போட்டேன். ஒரு வாரம் கழிச்சு மெயில் வந்துச்சு, ‘டியர் மிஸ்டர்’னு ஆரம்பிச்சு அப்பா பேரோட. போன்ல படிச்சுக் காட்டினேன்.

“ஏன்டா, இன்டர்வியூவுக்கு என்னையா வரச் சொல்றாங்க?”ன்னார்.