ஈரத்தின் மேல் பட்டி பார்க்காதீர்கள்

சென்னையிலோ கோவையிலோ எந்த அலுவலகத்தில் அண்ணாந்து பார்த்தாலும் ஃபால்ஸ் சீலிங்கில், ஏசிக்குப் பக்கத்தில், ஒரு பழுப்புக் கறை கண்ணில் படும். தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்டு, சீலிங்கின் ஜிப்சம் போர்டின் மேல் வடிந்திருக்கும். பெயின்டர் வருவார், பட்டி பார்ப்பார், வெள்ளையடித்துவிட்டுப் போவார். சில வாரங்களில் அதே இடத்தில் அதே கறை மறுபடி எட்டிப்பார்க்கும். குழாயை யாரும் தொடவில்லையே!

ஜிப்சம் போர்டைப் பழுதுபார்ப்பதைப் பெயின்ட் வேலையாக நினைப்பதுதான் கோளாறின் தொடக்கம். இரண்டு தாள்களுக்கு நடுவே ஜிப்சத்தை இறுக்கிச் செய்த பலகை அது. ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, கல்லோடு கல்லாகப் பிணைந்த நீர். தீப்பிடித்தால் அந்த நீர் ஆவியாகி, நெருப்பு அடுத்த அறைக்குப் பரவுவதைத் தாமதப்படுத்தும். வெளியிலிருந்து வரும் தண்ணீரின் கதை வேறு. போர்டு இளகி, வலுவிழந்து, ஊதிப்போகும். மேலே ஒட்டிய தாளோ பூஞ்சைக்கு நல்ல தீனி. நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட வேண்டும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்வது இதனால்தான்.

இந்தப் பாடத்தைப் பெரிய விலை கொடுத்துக் கற்ற ஊர் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ். 2005 ஆகஸ்டில் கத்ரினா புயலின்போது வெள்ளத் தடுப்புக் கரைகள் உடைந்து, நகரின் ஏறத்தாழ 80 சதவீதம் நீரில் மூழ்கியது. பல பகுதிகளில் வாரக்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. அங்கே வீட்டுச் சுவர்களே இந்தப் போர்டுதான். உரிமையாளர்களும் தன்னார்வலர்களும் வீடு வீடாகப் புகுந்து, மரச்சட்டம் தெரியும்வரை சுவரைப் பிய்த்தெடுத்தார்கள். வெள்ளக் கோடு வரை மட்டும் வெட்டினால் போதாது. போர்டு நீரை மேல்நோக்கி உறிஞ்சும். அதனால் கோட்டுக்கும் மேலே வெட்டுவார்கள். போர்டின் அகலம் 4 அடி என்பதால், தரையிலிருந்து 4 அடிக்கு அறுத்துவிட்டால் புதுப் பலகை படுக்கைவாட்டில் கச்சிதமாக உட்காரும்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையின் தாழ்வான பகுதிகளில் தரைத்தளங்களுக்குள் தண்ணீர் புகுந்தது. நம் வீட்டுச் சுவர்கள் பெரும்பாலும் செங்கல்; அவை மெல்லக் காய்ந்துவிடும். கடை, கிளினிக், அலுவலகத் தடுப்புகளில் இருக்கும் போர்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. வெளிப்பக்கம் காய்ந்தபோதும் உள்பக்கம் பூஞ்சை படரலாம். அந்த அறையில் நாள் முழுக்க உட்காருகிறவர்களுக்குத்தான் இருமலும் மூச்சிரைப்பும்.

ஈரமில்லாத சேதம் எளிது. ஆணி ஓட்டைக்குப் பட்டியே போதும். கதவுக் கைப்பிடி இடித்து உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை விழுந்தால், அதைச் சதுரமாக அறுத்துச் சீராக்கி, பின்னால் மரப்பட்டையோ ஜிஐ சேனலோ வைத்து ஸ்க்ரூ அடித்து, அதே கனத்தில் புதுத்துண்டைப் பொருத்த வேண்டும். இங்கே வழக்கமான கனம் 12.5 மி.மீ. இணைப்பில் டேப் ஒட்டி, மூன்று தடவை ஜாயின்ட் காம்பவுண்டு பூச வேண்டும். ஒவ்வொரு பூச்சும் முந்தையதைவிட அகலமாக, முந்தையது காய்ந்த பிறகு. காய விடும் நேரத்தில்தான் அவசரக்காரர்கள் கோட்டை விடுகிறார்கள். உப்புத்தாள் போட்ட பிறகு பிரைமர் அடிக்காமல் பெயின்ட் அடித்தால், ஒட்டுப்போட்ட இடம் தனியாகத் தெரியும். உப்புத்தாள் தேய்க்கிறவர் நுண்தூசியைத்தான் சுவாசிக்கிறார். அவருக்கு நல்ல முகக்கவசம் கொடுப்பது வேலை கொடுத்தவரின் கடமை.

தீத்தடுப்புச் சுவருக்கு இளஞ்சிவப்புப் போர்டும், ஈரம் படும் இடத்துக்குப் பச்சைப் போர்டும் இருக்கின்றன. ஓட்டையை அடைக்கக் கையில் கிடைத்த சாதாரணத் துண்டை வைப்பது, அந்தச் சுவர் எதற்காகக் கட்டப்பட்டதோ அதையே வீணாக்கும் வேலை.

வாடகைக் கட்டிடமானாலும் சொந்தக் கட்டிடமானாலும், அடுத்த முறை கொட்டேஷன் வாங்கும்போது மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: கசிவை எங்கே அடைக்கப்போகிறார்கள், நனைந்த போர்டை எதுவரை வெட்டப்போகிறார்கள், அதற்குப் பதில் எந்த வகைப் போர்டைப் பொருத்தப்போகிறார்கள். மூன்றுக்கும் பதில் இல்லாத கொட்டேஷனில் கையெழுத்துப் போடாதீர்கள்.