கள்ளத்தோணி என்று பெயர் வாங்கியவர்கள் நாம்

தோட்டத்திலிருந்து கொழும்புக்குப் போன நமது பிள்ளைகள் பலர் வெள்ளவத்தைத் துணிக்கடைகளிலும் கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதிப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளிலும் நிற்கிறார்கள். அவர்களிடமிருந்து மாதம் ஒருமுறை வீட்டுக்குக் காசு வருகிறது. காசை விட அடிக்கடி வருவது தொலைபேசிச் செய்தி. முஸ்லிம் கடையில் சாப்பிடாதே, கருத்தடை மருந்து கலக்கிறார்கள். அவர்கள் கடையில் துணி எடுக்காதே, இன்னும் இருபது வருடத்தில் நாடு அவர்கள் கையில். யாரோ எழுதியதை அண்ணன் தம்பிக்கு அனுப்ப, தம்பி லயம் முழுக்க அனுப்ப, மறுநாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் அதுவே பேச்சு.

சங்கப் பத்திரிகைக்கு இது எதற்கு, சம்பளத்தைப் பேசுங்கள் என்று சிலர் சொல்வார்கள். சம்பளத்துக்கும் வருவோம்.

கருத்தடை மருந்துக் கதை பழைய கதை. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், கறியில் கிடந்த கட்டியைக் காட்டிச் சண்டை பிடித்தார்கள். சிங்களம் சரியாகப் புரியாத கடைக்காரர் சொன்ன அரைகுறைப் பதிலைப் படம் பிடித்து நாடெங்கும் பரப்பினார்கள். அரசாங்கப் பகுப்பாய்வாளர் பார்த்துச் சொன்னார்: அது வெறும் மாக்கட்டி. ஆளை மலடாக்கும் அப்படியொரு மாத்திரையே உலகத்தில் இல்லை என்று டாக்டர்மாரும் சொன்னார்கள். யார் கேட்டது? சில நாட்களில் தெல்தெனியவில் அடிபட்ட ஒரு லொறிச் சாரதி இறந்தபோது, ஏற்கெனவே காய்ந்து கிடந்த சருகில் தீ விழுந்தது. திகனயில் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அரசாங்கம் அவசரகால நிலையைப் பிரகடனம் செய்து முகநூலை முடக்கியது. தன் தளத்தில் நடந்ததற்காக 2020இல் அந்த நிறுவனமே மன்னிப்புக் கேட்டது.

2019 ஏப்ரல் 21இல் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் குண்டு வெடித்தது. செத்தவர்களில் தமிழ் ஏழைகள் எத்தனையோ பேர். அந்தத் துக்கமும் கோபமும் உண்மையானவை. அந்தத் துக்கத்தின் முதுகில்தான் அடுத்த பொய் ஏறி வந்தது. மே 23இல் 'திவயின' பத்திரிகையின் முதற்பக்கத்தில், ஒரு முஸ்லிம் டாக்டர் 4,000 சிங்களத் தாய்மாருக்குக் கள்ளமாகக் கருத்தடை செய்தார் என்று செய்தி. அடுத்த நாள் குருநாகல் டாக்டர் ஷாபி கைதானார். ஆதாரம் எதுவும் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் ஜூன் மாதமே நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. அவர் மீண்டும் வேலைக்குச் சேர்க்கப்பட்டது 2023இல். வந்த நிலுவைச் சம்பளத்தை நோயாளிகளுக்கு மருந்து வாங்கும்படி சுகாதார அமைச்சுக்கே கொடுத்துவிட்டார். இந்தக் கடைசிச் செய்தியை எத்தனை பேர் தொலைபேசியில் அனுப்பினார்கள்?

முன்கூட்டியே எச்சரிக்கை வந்தும் குண்டுகளைத் தடுக்கத் தவறினார் என்று, 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவுக்கு 10 கோடி ரூபா நட்டஈடு கட்ட உத்தரவிட்டது. பழி சுமந்ததோ வெள்ளவத்தையில் துணி விற்றவர்.

கொட்டாஞ்சேனைக்கு இந்த வியாதி தொலைபேசி வருமுன்பே தெரியும். 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு. பௌத்த ஊர்வலத்தில் மாதாவை இழிவுபடுத்தும் உருவத்தைத் தூக்கி வருகிறார்கள் என்று கத்தோலிக்கர் நடுவே வதந்தி பரவி, ஊர்வலம் தாக்கப்பட்டது. சரியாக நூறு வருடம் கழித்து, 1983 ஜூலை 29. கொழும்பில் எரிந்த தமிழர் கடைகளின் புகை அடங்குமுன் 'புலி வந்துவிட்டது' என்றொரு வதந்தி, மறுபடியும் கொலை.

பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் நமக்கு மறக்க முடியாதது 1958. மட்டக்களப்பில் படிப்பித்த பாணந்துறை ஆசிரியை ஒருவரைத் தமிழர் கொடூரமாகக் கொன்றார்கள் என்று கதை கிளம்பியது. பாணந்துறைக் கோயில் ஐயரை உயிரோடு எரித்தார்கள். பிறகு கல்வி அமைச்சு தேடிப் பார்த்தால், மட்டக்களப்பு மாவட்டத்தில் பாணந்துறை ஆசிரியை என்று ஒருவருமே இல்லை! பதிவேட்டைப் புரட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

நமது கதைக்கு வருவோம். நம்மைக் கள்ளத்தோணி என்றார்கள். கள்ளமாக யார் வந்தது? கங்காணி ஆள் பிடித்து, கடன் கணக்கு எழுதி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, கப்பலேற்றித் தலைமன்னாரில் இறக்கினான். துரைமாரின் புத்தகத்தில் ஒவ்வொரு தலைக்கும் கணக்கிருந்தது. ஆனாலும் 1947 தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸ் ஏழு ஆசனம் வென்றதும், இந்தத் தமிழர் மலைநாட்டுச் சிங்களவரை மூழ்கடித்துவிடுவார்கள் என்ற பேச்சு உரத்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் ஏறத்தாழ 7 லட்சம் பேரை நாடற்றவராக்கியது. அடுத்த வருடம் வாக்கும் போனது. அந்தக் கணக்கு முழுதாகத் தீர 2003 வரை போனது. 'இவர்கள் பெருகி நம்மை விழுங்கப் போகிறார்கள்' என்று அன்று நம்மைப் பற்றிச் சொன்ன அதே வாக்கியம்தான் இன்று முஸ்லிம்களைப் பற்றி நமது தொலைபேசிக்கு வருகிறது. பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

சிங்களத்தில் பேசினால்தான் இனவாதம் என்றும் நினைக்க வேண்டாம். 2016இல் வவுனியாவில் தொடங்கிய சிவசேனை இந்த அச்சமூட்டும் பேச்சையே சைவத்தின் பெயரால், நல்ல தமிழில் பேசுகிறது.

இனிச் சம்பளம். 1,000 ரூபா கேட்டுப் போராடிய நமக்கு 2019 ஜனவரியில் கிடைத்தது 700 ரூபா அடிப்படைச் சம்பளம். அந்தக் கோபம் ஆறுமுன்பே, மே மாதத்தில், வாயெல்லாம் டாக்டர் கதை. சம்பளத்தைப் பேச ஆளில்லை. ஆயிரம் வர 2021 ஆனது. இனத்தைக் காப்போம் என்று அந்த 2019இல் ஆட்சிக்கு வந்தவர்கள் 2021இல் இரசாயன உரத்தைத் திடீரென நிறுத்தித் தேயிலை மலையைக் காய வைத்தார்கள். 2022இல் எரிவாயு வரிசையில் எல்லா இனத்தையும் ஒன்றாக நிற்க வைத்தார்கள். வரிசையில் நின்றவர்களிடம் யாரும் மதம் கேட்கவில்லை.

இந்த மாதத் தோட்டக் கமிட்டிக் கூட்டங்களில் கால்மணி நேரம் இதற்கு ஒதுக்குமாறு தலைவர்களையும் மாதர் தலைவிகளையும் கேட்டுக்கொள்கிறோம். செய்தி அனுப்பிய பிள்ளையைத் திட்ட வேண்டாம். எந்த ஊர், எந்தத் திகதி, யார் பார்த்தது என்று மட்டும் கேளுங்கள். பதில் இல்லையென்றால் அது அந்தத் தொலைபேசியோடு நிற்கட்டும். கொழும்புப் பிள்ளைகள் திருவிழாவுக்கு வரும்போது, வேலை இல்லாத மாதங்களில் டவுனில் எந்தெந்தக் கடைக்காரர் கொப்பியில் எழுதிக்கொண்டு அரிசியும் மாவும் கொடுத்தார்கள் என்பதை அம்மாமார் பெயர் சொல்லி அவர்களுக்குச் சொல்லட்டும்.