கொண்டச்சிக் கரையும் கொழும்புக் கந்தோரும்

மன்னாருக்குத் தெற்கே, சிலாவத்துறையையும் கடந்து செல்பவர் கொண்டச்சிக் குடாவின் கரையை அடைவர். மணலும் முட்புதரும் மீனவர் வாடிகளும் அன்றி அங்கே கண்ணைக் கவர்வது வேறொன்றும் இல்லை. ஆயினும் இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன், ஆண்டில் சில வாரங்கள் மட்டும், இக்கரையில் ஒரு நகரம் எழுந்து மறைந்தது. அது முத்துச் சலாபத்தின் நகரம். 1803-இல் இலங்கையைப் பற்றித் தம் நூலை வெளியிட்ட ராபர்ட் பெர்சிவல் என்ற ஆங்கிலப் படை அதிகாரி, ஆளரவமற்ற இக்கரை பல்லாயிரம் மக்கள் திரண்ட பட்டினமாக மாறிய விந்தையை அதில் வருணித்திருக்கிறார்.

முத்தின் ஒளியைப் பற்றியும் சுழியோடிகளின் துணிவைப் பற்றியும் பலர் எழுதிவிட்டனர். நாம் இங்கே எண்ணிப் பார்க்க விரும்புவது அதனினும் எளிய ஒன்றை: அந்நகரத்து மக்கள் வேலைக்குச் சென்று மீண்ட வழியை.

முத்துப் பார்கள் கரையிலிருந்து பல மைல் தொலைவில் கடலுக்குள் உள்ளன. இரவு பத்து மணியளவில் அரிப்பில் பீரங்கி முழங்கும். உடனே தோணிகள் யாவும் ஒருங்கே பாய் விரிக்கும். கரையிலிருந்து கடல் நோக்கி வீசும் இரவுக் காற்று அவற்றை விடியுமுன் பார்களில் கொண்டு சேர்க்கும். கதிரவன் எழுந்ததும் குளிப்புத் தொடங்கும். நண்பகலில் கடற்காற்று எழும். அதுவே வேலை முடிந்தது என்பதற்கு அடையாளம். அக்காற்றே தோணிகளைக் கரை சேர்க்கும். ஒரு தோணியில் தண்டலை விடுத்து இருபதின்மர்: பதின்மர் சுழியோடிகள், பதின்மர் துடுப்பு வலித்துக் கயிறு பிடிப்போர்.

இவ்வேற்பாட்டில் மூன்று செய்திகள் நம் கருத்துக்கு உரியன. வேலை நேரத்தை வகுத்தவர்கள் காற்றின் நேரத்தை அறிந்து வகுத்தார்கள். தனித்தனியே செல்லாமல் அனைவரும் கூடிச் சென்றார்கள். குடியிருப்பு, வேலை புறப்படும் துறையின் அருகிலேயே அமைந்தது. இம்மூன்றையும் முடிவு செய்தவன் சுழியோடி அல்லன். வேலை கொடுத்த அரசாங்கமே. ஒருவன் எவ்வழியாக வேலைக்குச் செல்கிறான் என்பது அவனுடைய விருப்பத்தைப் பொறுத்தது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அதன் பெரும் பகுதியை, வேலை கொடுப்பவரும் வீடு கட்டுபவரும் அவனுக்கு முன்னரே தீர்மானித்துவிடுகின்றனர்.

இன்றைய கொழும்பை நோக்குக. கந்தோர்கள் யாவும் ஏறத்தாழ ஒரே வேளையில் திறக்கின்றன. ஒரே வேளையில் மூடுகின்றன. வேலை நகரின் நடுவே. மலிவான வீடோ நகருக்கு வெகு தொலைவில். உயர்ந்த பதவிக்குக் காரும் எரிபொருட்படியும் சலுகையாகக் கிடைக்கின்றன. புகையிரதத்தில் நின்றுகொண்டே வரும் எழுதுவினைஞருக்கு அத்தகைய பரிசு இல்லை. புதிய கட்டடம் எழுப்புவோர் பரப்பளவுக்கு ஏற்ப வாகனத் தரிப்பிடம் ஒதுக்க வேண்டும் என்று நகர அபிவிருத்தி விதிகள் கேட்கின்றன. காருக்கு இடம் கேட்கும் சட்டம், காரின்றி வருபவருக்கு நிழலையும் நடைபாதையையும் அதே கண்டிப்புடன் கேட்பதில்லை. மாலபேயையும் கோட்டையையும் இணைக்க யப்பானிய உதவியுடன் திட்டமிடப்பட்ட இலகு புகையிரதப் பாதையும் 2020-இல் கைவிடப்பட்டது.

2022-ஆம் ஆண்டு இதற்கெல்லாம் ஒரு சோதனையாக வந்தது. எரிபொருள் வரிசைகள் தெருத்தெருவாக நீண்டன. அவ்வாண்டு யூன் மாதத்தில் அரச கந்தோர்களுக்கு இன்றியமையாத ஊழியரை மட்டும் அழைக்குமாறு சுற்றறிக்கை சென்றது. மாத இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு அன்றிப் பிறருக்கு எரிபொருள் விற்பனையே நிறுத்தப்பட்டது. பெட்டகத்தில் கிடந்த துவிச்சக்கர வண்டிகள் மீண்டும் வீதிக்கு வந்தன. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்த வடபுலத்தார்க்கு அது புதுமையன்று. ஆசிரியரும் மருத்துவரும் அங்கே மிதித்துத்தான் கடமைக்குச் சென்றனர். நெருக்கடியில் முடிந்தது நெருக்கடி நீங்கியபின் ஏன் முடியாது போயிற்று? இல்லாமை கற்பித்த பாடத்தை எவரும் ஒழுங்காக எழுதி வைக்கவில்லை என்பதே விடை.

பிற நாடுகள் எழுதி வைத்துள்ளன. பிரான்சில் 1971-ஆம் ஆண்டுச் சட்டம், பாரிஸ் பகுதியில் தொழில் வழங்குவோர் தாம் கொடுக்கும் சம்பளத்தொகைக்கு ஏற்பப் பொதுப் போக்குவரத்துக்கு வரி செலுத்த வேண்டும் என்றது; 1973-இல் அது பிற பெருநகரங்களுக்கும் விரிந்தது. ஊழியருடைய பஸ், புகையிரதப் பருவச்சீட்டின் விலையில் பாதியையும் அங்கே முதலாளி தர வேண்டும். இங்கிலாந்தின் நொட்டிங்காம் நகரில் 2012 முதல், 11 அல்லது அதற்கு மேற்பட்ட தரிப்பிடங்களை ஊழியருக்கு அளிக்கும் நிறுவனம் ஒவ்வோர் இடத்துக்கும் ஆண்டுக் கட்டணம் செலுத்துகிறது. அப்பணம் நகரின் டிராம் பாதையை நீட்டிக்கப் பயன்பட்டது. கார் நிற்கும் இடம் இலவசமன்று, அதன் விலையை நகரம் முழுவதும் செலுத்துகிறது என்ற உண்மையை அந்நகரம் கணக்கிலே ஏற்றியது.

நம் நாட்டில் இதற்குப் பெருஞ்சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எரிபொருட்படி கொடுக்கும் நிறுவனம் அதே தொகையைப் பருவச்சீட்டுக்கும் கொடுக்கலாம். புகையிரதம் வந்து சேரும் நேரத்தையொட்டிக் கந்தோர் நேரத்தை அமைக்கலாம். மிதித்து வருவோருக்கு வண்டி நிறுத்த ஒரு கூரையும் குளிக்க ஓர் அறையும் அமைக்கலாம். அடுக்குமாடி கட்டுவோர் தரிப்பிடத்தை வீட்டு விலையோடு சேர்க்காது தனியே விற்றால், கார் இல்லாத குடும்பம் தான் பயன்படுத்தாத இடத்துக்கு விலை கொடுக்க நேராது.

ஆயினும் ஓர் எச்சரிக்கையை இங்கே சொல்லாமல் விடுவது அறமாகாது. வேலையின் அருகே வீடு என்பது எப்போதும் நன்மை அன்று. மலையகத்துத் தோட்டங்களில் தொழிலாளியின் லயத்துக்கும் கொழுந்து எடுக்கும் மலைக்கும் இடையே தூரம் குறைவுதான். ஆனால் அந்த வீடு தோட்டத்தின் வீடு. வேலை போனால் கூரையும் போய்விடும் என்ற அச்சம் தலைமுறை தலைமுறையாக அதனுள் குடியிருந்தது. கொண்டச்சிக்குத் தெற்கே மரிச்சுக்கட்டியில் 1905-இல் நடந்த பெருஞ்சலாபத்தில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. மூன்றில் இரு பங்கு அரசாங்கத்துக்கு. உயிரைப் பணயம் வைத்தவர்க்கு ஒரு பங்கு. அடுத்த ஆண்டு பார்கள் ஒரு கம்பனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. 1907-க்குப் பின் அவை வளமிழந்தன. சிப்பி தீர்ந்ததும் நகரம் கலைந்தது. ஆகவே பயணத்தைக் குறைக்கும் முதலாளி ஊழியனின் உரிமையையும் உடன் குறைப்பாராயின், அதைச் சீர்திருத்தம் என்று கூறுதல் தகாது. வீடு அருகில் இருக்க வேண்டும். அது வேலை கொடுப்பவரின் கையில் இருக்கலாகாது.

இக்கேள்வி கொண்டச்சிக்கு இன்று வெறும் பழங்கதையன்று. 1990 ஒக்ரோபரில் வடபுலத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது முசலிப் பகுதி மக்களுள் பலர் புத்தளத்தில் தஞ்சம் புகுந்தனர். போர் முடிந்த 2009-க்குப் பின் அவர்கள் மீளத் தொடங்கினர். இன்றும் புத்தளத்தில் ஒரு வீடும் முசலியில் ஒரு வீடுமாக வாழும் குடும்பங்கள் உண்டு. பிள்ளையின் படிப்பு ஓரிடம், தந்தையின் நிலம் ஓரிடம். இவ்விரண்டையும் இணைக்கும் குறுக்குவழி வில்பத்துக் காட்டினூடே செல்கிறது. வழி வேண்டும் என்போரும் காடு வேண்டும் என்போரும் வழக்காடியதை நாடு அறியும்.

இரு சாராரும் வீதியைப் பற்றியே பேசினர். மக்கள் ஏன் இத்தனை தூரம் அலைய நேர்கிறது என்ற கேள்வியோ பின்னே நின்றுவிட்டது. நல்ல பாடசாலையும் மருத்துவமனையும் வேலையும் முசலியிலேயே இருக்குமாயின், அந்தப் பயணத்தில் ஒரு பகுதியேனும் தேவையற்றுப் போகும். 1990-இல் நின்றுபோன தலைமன்னார்ப் புகையிரதம் 2015 மார்ச்சில் மீண்டும் ஓடத் தொடங்கியது. அது கொண்டச்சிக்கு வருவதில்லை. ஆனால் முருங்கனில் நிற்கிறது. அந்நேரத்துக்கு முருங்கனிலிருந்து சிலாவத்துறைக்கு ஒரு பஸ் பொருந்துமாறு கந்தோர்களும் பாடசாலைகளும் கூடி ஏற்பாடு செய்தால், தனி வாகனம் வாங்க இயலாத ஓர் இளம் ஆசிரியைக்கு அதுவே பெரிய உதவி.

அன்று காற்றின் நேரம் அறிந்து பீரங்கி முழங்கியது. இன்று மணியடிப்பவர்கள், வருபவரின் வழியையும் ஒருமுறை எண்ணிப் பார்த்து அடிக்க வேண்டும்.