கூடு சொல்லும் சேதி



இடைவேளை மணி அடித்ததும் எல்லாரும் மைதானத்துக்கு ஓடுவீர்கள். ஒருவன் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பான். "என்னப்பா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டால், "நல்லாத்தான் இருக்கேன் சார்" என்பான். நெற்றியைத் தொட்டுப் பார்த்தால் கொதிக்கும். ஓடி விளையாடுகிற பிள்ளை ஓடவில்லை என்றால் ஏதோ இருக்கிறது என்பது உங்கள் அம்மாவுக்கும் தெரியும். வாத்தியார் வேலை பார்த்த எனக்கும் தெரியும்.

வாய் பேசத் தெரியாத சுண்டெலியிடம் இதை எப்படிக் கேட்பது?

நாம் சாப்பிடும் மருந்துகளில் பல, நமக்கு வருவதற்கு முன்பே ஆய்வுக்கூடத்துச் சுண்டெலிகளிடம் சோதித்துப் பார்க்கப்பட்டவை. அவற்றுக்கு வலிக்கிறதா என்று கண்டுபிடிப்பது லேசான வேலை இல்லை. பூனை, பாம்பு, ஆந்தை என்று எலிக்கு ஏகப்பட்ட பகைவர்கள். சுணங்கிக் கிடக்கும் எலிதான் முதலில் அகப்படும். அதனால் வலியை வெளியே காட்டாமல் இருப்பது அதன் பிறவிக் குணம். போதாக்குறைக்கு, அது எழுப்பும் ஒலிகளில் பல நம் காதுக்கே எட்டாது. சுறுசுறுப்பாக இருப்பதும் இரவில்தான். பகலில் வந்து எட்டிப் பார்ப்பவருக்குத் தூங்கும் எலிதான் தெரியும்.

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த ராபர்ட் டீக்கன் என்ற விஞ்ஞானி, எலி தானாகவே விரும்பிச் செய்யும் வேலைகளைக் கவனித்தார். 2006-ம் ஆண்டில் அந்தச் சோதனை முறைகளை எழுதி வெளியிட்டார். அதில் ஒன்று கூடு கட்டுவது. இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, அழுத்திய பஞ்சுத் துண்டு ஒன்றை எலியின் பெட்டியில் வைத்துவிட வேண்டும். எடை 3 கிராம்தான். மறுநாள் காலையில் வந்து மார்க் போட வேண்டும். பஞ்சைத் தொடாமல் விட்டிருந்தால் 1. கிழித்துப் பெட்டி முழுக்க இறைத்திருந்தால் 3. ஓரிடத்தில் சேர்த்துத் தட்டையாகப் படுக்கை போட்டிருந்தால் 4. கிண்ணம் போலக் குழித்து, தன்னை மறைக்கும் உயரத்துக்குச் சுவர் எழுப்பியிருந்தால் 5. மொத்தமே ஐந்துதான், முழு மார்க்!

இன்னொன்று வளை தோண்டுவது. 20 சென்டிமீட்டர் நீளக் குழாயில் 200 கிராம் தீவன உருண்டைகளை நிரப்பி வைப்பார்கள். எலியின் எடையோ 20, 30 கிராம்தான். பக்கத்தில் அதே தீவனம் தாராளமாகக் கிடந்தாலும், நலமாக இருக்கும் எலி குழாயை விடாது. கால்களால் உதைத்து உதைத்து உருண்டைகளை வெளியே தள்ளிவிடும். மிச்சம் இருப்பதை நிறுத்துப் பார்த்தால் போதும். மூளையை அரிக்கும் பிரியான் நோய் கண்ட எலிகளிடம், வெளியில் நோயின் அறிகுறி தெரிவதற்குப் பல வாரங்கள் முன்பே இந்த வேலை குறைந்துபோனதை ஆக்ஸ்போர்டில் கண்டார்கள். ஸ்விட்சர்லாந்தின் சூரிச் பல்கலைக்கழகத்தில் 2010-ல் வெளியான ஆய்வு என்ன சொன்னது தெரியுமா? வயிற்றில் அறுவை சிகிச்சை ஆன எலிகள் குழாயைத் தொடவே நேரமாயிற்று. வலி நீக்கும் மருந்து கொடுத்ததும், அந்தத் தாமதம் குறைந்தது.

இதில் அவசர முடிவும் கூடாது. சில இன எலிகள் இயல்பிலேயே கூடு கட்டுவதில் மந்தம். அறை வெதுவெதுப்பாக இருந்தாலும் கூட்டுக்குத் தேவை குறையும். அதனால் ஓர் எலியை அதன் நேற்றைய வேலையோடு ஒப்பிடுவதே நியாயம். மார்க் ஷீட்டில் பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தேடும் பெற்றோருக்கும் இதைச் சொல்லலாம்!

"எலியே இல்லாமல் ஆராய்ச்சி செய்யக் கூடாதா, சார்?" என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 1959-லேயே இங்கிலாந்தின் ரஸ்ஸல், பர்ச் என்ற இருவர் இதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார்கள். முடிந்த இடத்தில் விலங்குக்குப் பதில் வேறு வழி தேடு. முடியாவிட்டால் எண்ணிக்கையைக் குறை. துன்பத்தையும் குறை என்றார்கள். முதல் வழி எல்லா ஆய்வுகளிலும் இன்னும் கைகூடவில்லை. கைகூடும் வரை, பெட்டிக்குள் இருக்கும் அந்தச் சின்ன உயிருக்கு வலிக்கிறதா என்று பார்க்காமல் இருப்பது எனக்குச் சம்மதமில்லை. வலியோடு இருக்கும் எலியின் உடம்பு தரும் விடையும் கோணலாகத்தான் இருக்கும். அதை நம்பி நமக்கு மருந்து செய்ய முடியாது.

பெட்டியைச் சுத்தம் செய்யும் நாளில், விவரம் தெரிந்த பராமரிப்பாளர்கள் பழைய கூட்டை முழுவதும் குப்பையில் போடுவதில்லை. அழுக்கில்லாத ஒரு பிடியை எடுத்துப் புதுப் பெட்டியின் மூலையில் வைக்கிறார்கள். அதில் அந்த எலிகளின் வாசனை இருக்கிறது. அன்றிரவு அவை அந்தப் பிடியோடு புதுப் பஞ்சையும் சேர்த்து மறுபடி கட்டத் தொடங்கும்.