பிரியாத அணுவெல்லாம் ஓய்ந்த அணுவாகுமா?

வெங்காய வேர்நுனியை அசிட்டோகார்மைன் சாயத்தில் தோய்த்து நசுக்கி நுண்ணோக்கியில் கண்டு, பிரிந்துகொண்டிருக்கும் உயிரணுக்களை எண்ணிக் குறித்துவிட்டு, எஞ்சியவற்றையெல்லாம் 'ஓய்வு நிலை' என்று ஒரே தலைப்பில் அடக்கிவிடும் வழக்கம் நம் தென்காசி வட்டாரத்து மாணவர்க்கும் புதிதன்று. பிரிவதாகத் தெரியாத அணு ஓய்ந்த அணு. அதை நிர்ணயிக்க ஒரு சாயமும் ஒரு பார்வையும் போதும் என்பதே இவ்வழக்கத்தின் உள்ளுறையான சித்தாந்தம். பெரிய ஆராய்ச்சிக்கூடங்களிலும் சாயத்தின் பெயர் மட்டும் மாறி உலவுகின்ற இந்தச் சித்தாந்தம் பிழையானது என்பதே நம் கட்சி.

முதலாவது, இரு பிரிவுகளுக்கு இடைப்பட்ட காலம் ஓய்வுக்காலமன்று. அவரை வகையொன்றின் வேரில் கதிரியக்கப் பாஸ்பரஸைச் செலுத்தி, டி.என்.ஏ. இரட்டிப்பது அந்த இடைக்காலத்திலேதான் என்று ஹோவர்டும் பெல்க்கும் 1953-இல் காட்டினார்கள். உயிரணுப் பிரிவுச் சுழற்சியை விட்டு உண்மையிலேயே விலகி நிற்கும் அணுவுக்கு 'ஜி-0' என்னும் தனிப்பெயரை லாய்தா 1963-இல் வழங்கியதும் இவ்வேறுபாடு கருதியே.

இரண்டாவது, சுழற்சியில் உள்ள அணுக்களில் தென்படுவதும் 1983-இல் கீல் நகரத்தில் கண்டறியப்பட்டதுமான 'கி-67' என்னும் அடையாளம் இல்லாத அணு ஓய்ந்த அணுவே என்பர். மீண்டும் பிரியவியலாத நரம்பணுவிலும், மூப்படைந்து நின்றுவிட்ட அணுவிலும் அது இல்லையே! மேலும், சுழற்சியை விட்டு வெளியேறும் அணுவில் அது சட்டென மறையாமல் படிப்படியாகவே தேய்கிறது.

மூன்றாவது, ஓய்ந்த அணுவில் டி.என்.ஏ. இரட்டியாதிருக்கும், ஆகையால் அதை அளந்தால் போதும் என்பர். பழ ஈயின் மூளையிலோ, ஓய்ந்திருக்கும் தண்டணுக்களுள் பெரும்பாலானவை டி.என்.ஏ.வை இரட்டித்த பின்னரே நின்றிருக்கின்றன என்று 2018-இல் தெரியவந்தது.

நான்காவது, ஓய்வு ஒருபடித்தானதுமன்று. எலியின் ஒரு காலில் காயம் உண்டாக்க, மறுகாலின் தசைத் தண்டணுக்கள் பிரியாமலே விழிப்பு நிலைக்கு நகர்கின்றன என்பது 2014-இல் வெளியான முடிவு. தசைத் தண்டணுக்கள் சுழற்சியினின்று விலகி நிற்பதையும் மீள்வதையும் ஹைதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் ஜோத்ஸ்னா தவனின் குழு நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறது.

புற்றுநோயின் வேகத்தை மதிப்பிட 'கி-67' வைத்தியர்களுக்கு உதவவில்லையா என்று கேட்பாருண்டு. உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் அது எத்தனை அணுக்கள் சுழற்சியில் உள்ளன என்ற கேள்விக்கு விடை; எஞ்சியவை எந்நிலையில் உள்ளன என்ற கேள்விக்கு விடையன்று.

சித்திரை வெயிலில் குற்றாலத்தின் வறண்ட பாறையை மட்டும் கண்டவன், அருவி ஓய்ந்திருக்கிறதா, அடியோடு அற்றுப்போயிற்றா என்று சொல்ல இயலாது. ஆனியில் சாரல் வந்தபின்னரே அது நிர்ணயமாகும். அதுபோல், மீளும் சக்தியே ஓய்வின் இலட்சணமாதலால், மீளச் செய்து பார்த்தாலன்றி ஓய்வு நிரூபணமாகாது. வேர்நுனியின் அசைவற்ற மையத்தைக் கண்ட குளோஸ், அங்குள்ள அணுக்கள் கதிர்வீச்சால் வேர் ஊறுபட்டபின் பிரியத் தொடங்குவதையும் காட்டினார். அதுவே சரியான பரீட்சை.

ஆகவே, மாணவர்களே, நுண்ணோக்கியில் ஒருமுறை கண்டதைக் குறிக்கும்போது 'பிரியாதவை' என்றே எழுதுங்கள்; காலம் கொடுத்து, தூண்டிப் பார்த்து, அவை மீண்டபின் 'ஓய்ந்திருந்தவை' என்று எழுதுங்கள்.