மொழிபெயர்ப்புக் கருவி: வாசிக்க உதவும், பதில் சொல்லப் போதாது

மன்னார் தோட்டவெளியில் ஆசிரியராக இருக்கும் எனக்கு, சிங்களத்தில் மட்டும் வந்து சேரும் கடிதங்களும் சுற்றுநிருபங்களும் புதிதல்ல. முன்பெல்லாம் சிங்களம் தெரிந்த ஒருவரைத் தேடிப் போக வேண்டும். இப்போது போன் கெமராவைக் கடிதத்தின் மேல் பிடித்தால், என்ன விடயம், எத்தனையாம் திகதிக்குள் பதில் அனுப்ப வேண்டும் என்பது ஓரளவு விளங்கிவிடுகிறது. கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் 2011இலும் சிங்களம் 2014இலும் சேர்ந்தன. எம்மைப் போன்றவர்களுக்கு இது சிறிய நன்மையல்ல.

ஆனால் வாசிப்பது வேறு, பதில் சொல்வது வேறு. இந்த வித்தியாசத்தை எமது சமூகம் பெரும் விலை கொடுத்தே கற்றிருக்கிறது.

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறையில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில், சாப்பாட்டில் கிடந்த மாக்கட்டியைக் காட்டி, மலட்டு மாத்திரை கலந்தாயா என்று ஒரு கூட்டம் சிங்களத்தில் கேட்டது. சிங்களம் சரியாகத் தெரியாத அவர் பயத்தில் சொன்ன அரைகுறைப் பதில், குற்றத்தை ஒப்புக்கொண்டதாக வீடியோவில் பரவியது. அதில் மாத்திரை எதுவும் இல்லை என்று அரச பகுப்பாய்வில் பின்னர் தெரியவந்தது. அதற்குள் கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டுவிட்டன. அடுத்த வாரம் கண்டி மாவட்டமே எரிந்தது. கேள்வி விளங்கியிருந்தால் அவர் "இல்லை" என்றிருப்பார். ஆனால் கூட்டம் சூழ்ந்து நிற்கும்போது யாரால் போனை எடுத்து மொழிபெயர்த்துப் பார்க்க முடியும்?

2019 மே 12ஆம் திகதி சிலாபத்தில் நடந்தது வேறு வகை. உயிர்த்த ஞாயிறு தாக்குதல் நடந்து மூன்று வாரம். முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் பேஸ்புக்கில் ஆங்கிலத்தில் எழுதிய வரி, "அதிகம் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய்" என்ற கருத்திலானது, மிரட்டலாக எடுத்துக்கொள்ளப்பட்டது. மறுநாள் வன்முறை குருநாகல், கம்பஹா மாவட்டங்களுக்கும் பரவியது. புத்தளம் மாவட்டத்தில் ஓர் உயிரும் போனது. அந்த வரியை எந்தக் கருவியில் போட்டிருந்தாலும் சொற்கள் சரியாகவே வந்திருக்கும். யார், யாருக்கு, எந்தப் பேச்சின் நடுவே சொன்னார் என்பது மட்டும் வந்திருக்காது.

கருவியே தவறு செய்த சம்பவமும் உண்டு. 2017 ஒக்டோபரில் மேற்குக் கரையில் பலஸ்தீனத் தொழிலாளி ஒருவர், புல்டோசர் அருகே நிற்கும் தன் படத்துடன் அரபியில் காலை வணக்கம் என்று போட்டார். பேஸ்புக்கின் தானியங்கி மொழிபெயர்ப்பு அதை ஹீப்ரூவில் "அவர்களைத் தாக்கு" என்று மாற்றியது. இஸ்ரேலியப் பொலிஸார் அவரைக் கைதுசெய்து, பல மணிநேரம் கழித்தே விடுவித்தனர். அரபி தெரிந்த ஒருவர் அந்தப் பதிவை ஒருமுறை வாசித்திருந்தால் கைதே நடந்திருக்காது.

கருவி இப்படித் தடுமாறக் காரணம் உண்டு. மனிதர்கள் ஏற்கெனவே மொழிபெயர்த்தவற்றைப் பார்த்தே அது பழகுகிறது. ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் இடையே அப்படிப்பட்ட எழுத்து மலைபோல் கிடக்கிறது. சிங்களத்துக்கும் தமிழுக்கும் இடையே மிகக் குறைவு. அதனால் ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றிப் போவதும் உண்டு. அந்தச் சுற்றில் நீ, நீங்கள் என்ற மரியாதை வேறுபாடு ஆங்கிலத்தின் ஒற்றைச் சொல்லில் கரைந்துவிடும். வாப்பா, மௌத்து என்று நாம் வீட்டில் பேசும் சொற்களோ எழுத்துத் தமிழில் அரிதாகவே வருகின்றன.

1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தினர் அரச ஆவணங்களுக்கென்றே சிங்கள–தமிழ் மொழிபெயர்ப்பு மென்பொருள் உருவாக்கியிருப்பது பாராட்டத்தக்கது. மொழிபெயர்ப்பாளரின் வேலையை அது விரைவாக்கட்டும். ஆனால், "கருவிதான் இருக்கிறதே" என்று சொல்லி அவருடைய பதவியை வெறுமையாக விடுவதற்கு அது சாட்டாகிவிடக் கூடாது. அலுவலகங்களும் பொலிஸ் நிலையங்களும் எமக்குத் தமிழில் பதில் தரவேண்டியது சலுகையல்ல, எமது உரிமை.

நாம் செய்யக்கூடியவையும் உண்டு. வந்த கடிதத்தைக் கருவியில் வாசியுங்கள். கையொப்பமிடும் முன்பும், பொலிஸில் வாக்குமூலம் கொடுக்கும்போதும், இரு மொழியும் தெரிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். பதற்றமான நாட்களில், கருவி மாற்றித் தந்த பதிவைப் பிறருக்கு அனுப்பாதீர்கள். பள்ளிவாசல் நிர்வாகங்கள் ஊருக்கு இரண்டு பேரையாவது இதற்கென அடையாளம் கண்டு, அவர்களின் தொலைபேசி இலக்கங்களை அறிவித்தல் பலகையில் போட்டு வைக்கலாம். எங்கள் பாடசாலைகளில் இரண்டாம் மொழியாகச் சிங்களம் இருக்கிறது. அந்தப் பாடவேளையை வேறு பாடத்துக்குக் கொடுத்துவிடாமல் நடத்தினாலே, பத்து வருடத்தில் ஒவ்வொரு ஊரிலும் அப்படிப் பலர் இருப்பார்கள்.