பார்க்கலாம்!

ஜாமீன் கையெழுத்து கேட்டு வருகிறவர்களிடம் ஒரு நல்ல குணம். அன்றைக்கு மட்டும் டீக்கு அவர்களே காசு கொடுத்துவிடுவார்கள்.

எனக்கு டீயோடு மசால் வடையும் கிடைத்தது. அப்போது நான் ஓர் ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். வாங்கிக் கொடுத்தவர் பக்கத்து ஸீட். ஊழியர் சிக்கன நாணயச் சங்கத்தில் எண்பதாயிரம் ரூபாய் கடன் கேட்டிருந்தார். "பணத்தை விடுங்க ஸார், எனக்கு வாக்குதான் முக்கியம்!" என்றார். வாயில் வடை இருந்ததால் மறுத்துப் பேச முடியவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

இந்த 'நாணயம்' ரொம்ப சாமர்த்தியமான வார்த்தை. பையில் குலுங்கினால் காசு. மனுஷனிடம் இருந்தால் நேர்மை. சங்கத்தின் போர்டில் எழுதினால் கடன். மூன்றும் ஒன்றோடொன்று சம்பந்தப்பட்டவை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பக்கத்து ஸீட் அப்படி நினைக்கவில்லை. ஏழாவது தவணையோடு வேலையை விட்டார், ஊரை விட்டார், செல்போன் நம்பரையும் விட்டார்.

பி.காம். படிக்கும்போது, 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தை உருப்போட்டவன் நான். 128-வது பிரிவு என்ன சொல்கிறது? ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன் போட்டவருக்கும் உண்டு. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினேன். அர்த்தம் புரிந்தது சம்பள ஸ்லிப்பைப் பார்த்தபோதுதான். பிடித்தம்: 3,400 ரூபாய். மாதாமாதம்.

அம்மாவின் கண்புரை ஆபரேஷனுக்காக வைத்திருந்த பணம் மளிகைக்கும் வாடகைக்கும் கரைந்தது. "அவசரமில்லேடா, எனக்கு நல்லாத்தான் தெரியுது" என்று அம்மா என்னிடம் சொன்னாள். சொன்னது காலண்டரைப் பார்த்து.

எங்கள் டெஸ்பாட்ச் ஸெக்ஷனில் ஒரு பெரியவர் இருந்தார். எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பார். நாங்கள் வைத்த பெயரே 'பார்க்கலாம் ஸார்'. வேறு வழியில்லாமல் அவரிடம் கேட்டேன்.

"பார்க்கலாம்."

சரி, அவ்வளவுதான் என்று திரும்பி வந்துவிட்டேன். மறுநாள் காலை ஒன்பதே முக்காலுக்கு என் மேஜையில் ஒரு பழுப்புக் கவர். இருபதாயிரம். பத்திரம் இல்லை, ஜாமீன் இல்லை, டீகூட இல்லை!

நம்பிக்கை வேறு, நம்பகம் வேறு என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. நம்பிக்கை என் மனசில் வருவது. அதை ஒரு வடை வாங்கிக் கொடுத்தே வரவழைத்துவிடலாம். நம்பகம் அவரிடம் இருப்பது. அது சேர வருஷக்கணக்காகும். யோசித்துப் பார்த்தால், அவர் அனுப்பிய தபால் ஒன்றுகூடத் தவறியதில்லை. தவறாததால் நாங்கள் யாரும் கவனித்ததும் இல்லை.

உங்கள் பர்ஸிலேயே இதற்கு உதாரணம் உண்டு. பழைய ஆயிரம் ரூபாய் நோட்டில், ஆயிரம் ரூபாய் தருவதாக ரிஸர்வ் பேங்க் கவர்னரே வாக்குக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். 2016 நவம்பர் 8 ராத்திரியோடு அது செல்லாமல் போயிற்று. ஒரு ரூபாய் நோட்டில் அப்படி வாக்குறுதியே கிடையாது. நிதித் துறைச் செயலாளரின் கையெழுத்து மட்டும்தான். அது இன்றைக்கும் செல்லும்.

ஆபரேஷன் ஆயிற்று. கட்டுப் பிரித்ததும் அம்மா, "ஏண்டா இப்படி இளைச்சுட்டே?" என்றாள்.

பெரியவருக்குப் பணத்தை முதல் தேதி தருவதாகச் சொல்லியிருந்தேன். நாலாம் தேதி கொடுத்தேன். எண்ணாமல் பையில் வைத்துக்கொண்டார்.

"மறுபடி அவசரம்னா உங்ககிட்டேதான் வருவேன் ஸார்" என்றேன், சிரித்துக்கொண்டே.

எதற்கும் உடனே பதில் சொல்கிறவர், அன்றைக்குக் கொஞ்சம் யோசித்தார். அப்புறம் சொன்னார்:

"பார்க்கலாம்."